வெந்நீர்ப் பை

எண்டோமெட்ரியோசிஸ் என்ற கருப்பை நோயால் எட்டு வருடமாகச் சுகிர்தாவை மாதாமாதம் சுருட்டிப் போட்ட வலியை, இடுப்புக்குள் ஒரு நரம்பை வெட்டி டாக்டர் நிறுத்தினார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வெந்நீர்ப் பையைக் கவிழ்த்து உலர்த்திப் பரணில் போட்டாள். மூன்றாம் வருடம் உண்டானாள். “வலி எடுத்தா உடனே வந்துரும்மா” என்று நர்ஸ் ஒவ்வொரு மாதமும் சொன்னார். அவளும் வலிக்காகக் காத்திருந்தாள். ஏழாம் மாதம் ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தவள் கால் நனைந்திருப்பதைப் பார்த்துத்தான் எழுந்தாள். ஆட்டோவிலேயே குழந்தை பிறந்தது. அழவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவள் மார்பிலேயே அதன் சூடு ஆறிவிட்டது. “வலி எடுத்தப்பவே கிளம்பியிருக்கக் கூடாதாம்மா?” என்றார் நர்ஸ். வெட்டிய நரம்போடு பிரசவ வலியும் போய்விட்டிருந்ததை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. பத்து நாள் கழித்துக் கணவன் இளமாறன் வேலையிலிருந்து வந்தபோது, பரணிலிருந்து இறக்கிய பையில் வெந்நீர் நிரப்பி, வயிற்றில் வைக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழைய பழக்கத்தில் அவன் பதறினான். “வலிக்குதா?”

“வலிக்கவே மாட்டேங்குதுங்க” என்றவள், பையை லேசாக விலக்கிக் காட்டினாள். “சூடு ஆறுது பாருங்க. சீக்கிரம் வெந்நீர் வைங்க.”