நாலு பூனையும் ஒரு படமும்

இந்தக் காலத்தில் ஒரு தேத்தண்ணி கொடுக்கவும் வேஷம் கட்ட வேண்டியிருக்கிறது. கறுப்புச் சட்டை, அதற்கு மேல் லேஸ் வைத்த வெள்ளை ஏப்ரன், முழங்கால்வரை சொக்ஸ், தலையில் பூனைக் காது. இது உடுப்பா, கூத்தா?

கேதீஸ்வரன் கதிரையைக் கைலேஞ்சியால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் இருபத்தைந்து வருடமாக மரக்கறி வாங்குகிறவர். இப்படி ஒரு யப்பான் தேத்தண்ணிக் கடை இருப்பது அவருக்கு இன்றுதான் தெரியும்.

“வெல்கம் ஹோம், மாஸ்டர்!” ரோஸ் நிற டோப்பா போட்ட பெண் இடுப்புவரை குனிந்தாள்.

“இது என்ர வீடில்லை. நான் எட்டாம் வகுப்போட நிண்டவன், மாஸ்டராம்!”

“வாற எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லவேணும், அங்கிள்.”

அட, தமிழ்ப் பெண். முருகா, இவளாய் மட்டும் இருக்கக் கூடாது.

மகன் ஆரூரனுக்கு முப்பத்தாறு வயது. வந்த ஆறு சம்பந்தத்தையும் கேதீஸ்வரன் இப்படி ஒளித்துப் போய் விசாரித்தே குழப்பியிருந்தார். ஏழாவது, மகனே கொண்டுவந்தது. பெயர் தாட்சாயினி, வேலை இந்தக் கடையில். “இதையும் குழப்பினால் நான் வேற வீடு பார்த்துப் போயிடுவன், அப்பா” என்று அவன் சொல்லிவிட்டான்.

சட்டைப்பையிலிருந்து அவளின் படத்தை எடுத்தார். காஞ்சிபுரம் சேலை, தலை நிறையப் பூ. நிமிர்ந்து பார்த்தால் நாலு பூனை. நாலுக்கும் ஒரே உடுப்பு, ஒரே ஒட்டு இமைமயிர். டோப்பா மட்டும் நாலு நிறம். நெஞ்சில் குத்தியிருந்த பெயர்களும் யப்பான் பெயர்கள்.

“பிள்ளை, இதில தாட்சாயினி ஆர்?”

“வேலை உடுப்போட நிக்கேக்க சொந்தப் பேர் சொல்லக் கூடாது. கடைச் சட்டம், அங்கிள்.”

“ஒளிக்கிறதெண்டால் ஏதோ இருக்கு.”

“ரெண்டு மணிக்கு வேலை முடியும். சொந்த உடுப்போட வெளியில வருவா. நீங்களே பாருங்கோவன்.”

தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள். ஒரு வாய் குடித்தார். சீனி இல்லை. டொக்டர் சொல்லி அவர் சீனியை விட்டு இரண்டு வருடம்தான். அதற்காக, வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? சீனியிலும் மிச்சம் பிடிக்கிற கடை! முனகிக்கொண்டே முழுவதையும் குடித்தார்.

இரண்டு மணிக்கு உடுப்பு மாற்றும் அறையின் கதவு திறந்தது.

முதலில் வந்தவளின் காற்சட்டையில் நாய்ச் சங்கிலி தொங்கியது. அடுத்தவளின் ஜீன்ஸில் துணியைவிட ஓட்டை அதிகம். மூன்றாவது பிள்ளை, மூன்று பேர் நுழையக்கூடிய சட்டைக்குள் நடந்து வந்தாள். ஒவ்வொருத்தியையும் படத்தோடு ஒத்துப் பார்த்து, “அப்பாடா, இவளில்லை” என்றார்.

நாலாவதாக வந்தவளுக்குப் பருத்திச் சுடிதார். பின்னிய தலைமுடி, சின்னப் பொட்டு. படத்தில் இருந்த அதே முகம். கையில் இருந்த வலைப் பைக்குள் ரோஸ் டோப்பா.

“அடியாத்தை! நீயோ?”

“ஓம், நான்தான் தாட்சாயினி. வடிவாப் பாத்திட்டீங்களோ? பிடிச்சுதோ?”

கேதீஸ்வரன் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு கீழிருந்து மேல்வரை. குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

“உள்ளுக்குப் பூனைக் காது வேஷமெண்டால், வெளியில இந்தப் பொட்டும் வேஷமில்லை எண்டு ஆர் கண்டது?”

“அப்ப என்ன செய்யிறதா உத்தேசம்?”

“இன்னும் நாலு பேரிட்டை விசாரிக்கோணும். உன்ர தாயின்ர ஊரிலையும் கேக்கோணும். ரெஜிஸ்ட்ராரிட்டைப் போய்க் கலியாண எழுத்து வைக்கிறதெல்லாம் நான் ஓம் எண்டு சொன்ன பிறகுதான்.”

கைலேஞ்சியை உதறி மடித்துக்கொண்டு எழுந்தார். வாசல் கதவைத் தள்ளி, திரும்பிப் பாராமல் நடந்தார்.

பின்னால் அவள் குரல் வந்தது.

“எழுத்து போன மாசமே முடிஞ்சுது, மாமா.”