பார்க்கிங்கில் ஒரு டபுள் நாக் அவுட்

"ரிங்குக்குள்ள அடிச்சா அதுக்குப் பேரு விளையாட்டு. பார்க்கிங்ல அடிச்சுக்கிட்டா அதுக்கு என்ன பேரு? நீங்களே சொல்லுங்க!"

குத்துச்சண்டைச் சங்கத் தலைவர் மேசையைத் தட்டினார். எதிரே இரண்டு பேர். ஒருவனுக்குப் பட்டப்பெயர் இடி, இன்னொருவனுக்குப் புல்டோசர். இரண்டு பேரும் ஹெவிவெயிட் சாம்பியன்கள். ஊரே பயப்படும் அந்தக் கைகளை இப்போது எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

மேசை மேல் அன்றைய பேப்பர். முதல் பக்கத்தில் யாரோ செல்போனில் எடுத்த படம். சங்கத்தின் பார்க்கிங்கில் ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து கிடக்க, அதற்கு இந்தப் பக்கம் இடியும் அந்தப் பக்கம் புல்டோசரும் மல்லாந்து கிடந்தார்கள். 'ரிங்குக்கு வெளியே டபுள் நாக் அவுட்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு.

"பதினோரு வருஷமா தலைவரா இருக்கேன். நம்ம சங்கம் ஒரு தடவையாவது முதல் பக்கத்துல வந்திருக்கா? இப்போ வந்திருக்கு. எப்படி? ரவுடிங்க சங்கம்னு!"

அந்தக் குரலில் கோபம் எவ்வளவு, சந்தோஷம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். தலைவர் தன் வாழ்நாளில் கொசுவைத் தவிர எதையும் அடித்ததில்லை. அதனாலோ என்னவோ, விளையாட்டின் மானம் என்றால் அவருக்கு உயிர்.

மேசை மூலையில் டைப்பிஸ்ட் அக்கா விசாரணைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். ஒல்லி உடம்பு, தடிக் கண்ணாடி, ரிட்டயராக இன்னும் எட்டே மாதம்.

"சார், 'மோதிக்கொண்டனர்'னு எழுதவா, 'தாக்கிக்கொண்டனர்'னு எழுதவா?"

தலைவர் யோசிப்பதற்குள், "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதையே எழுதுங்கக்கா" என்றான் இடி. புல்டோசர் வேகமாகத் தலையாட்டினான்.

"இந்த மரியாதையெல்லாம் நேத்து எங்க போச்சு?" என்றார் தலைவர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பழைய ரெஃப்ரி எழுந்து வந்து, இருவர் முகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாப்பது வருஷமா மூஞ்சிக் காயம் பாக்கறவன் நான். எனக்கு ஒண்ணு புரியல. ரெண்டு பேருக்கும் இடது புருவத்துக்கு மேல, பிறை மாதிரி ஒரே வீக்கம். இடி இடது கைக்காரனாச்சே, அவன் குத்தினா புல்டோசருக்கு வலது பக்கம்ல வீங்கணும்? எங்க, கையை நீட்டுங்கடா."

நீட்டினார்கள். நான்கு கைகளிலும் ஒரு சிராய்ப்பு கூட இல்லை.

"இவனுங்க யாரையும் அடிக்கல தலைவரே. இவனுங்களைத்தான் யாரோ அடிச்சிருக்காங்க. எத்தனை பேருடா? ஏழு? எட்டு?"

இடி கூரையைப் பார்த்தான். புல்டோசர் தரையைப் பார்த்தான்.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இங்க பாருங்கப்பா. நீங்களே அடிச்சுக்கிட்டீங்கன்னா ஆறு மாசம் தடை. அடுத்த மாசம் வெளிநாட்டுப் போட்டியை டிவியிலதான் பாக்கணும். வேற எவனாவது அடிச்சிருந்தா உங்க மேல தப்பே இல்ல, ரெண்டு பேரும் பிளைட் ஏறலாம். யாருன்னு சொல்லுங்க."

அந்தப் போட்டிக்காக நான்கு வருடமாக ஓடியவன் புல்டோசர். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குக் கூடப் போகாமல் பயிற்சி செய்தவன். அவன் கண்கள் கலங்கிவிட்டன. பாவமாகத்தான் இருந்தது. இடியைப் பார்த்தான். இடி மெல்ல இடவலமாகத் தலையசைத்தான்.

"இல்ல சார். நாங்களேதான் அடிச்சுக்கிட்டோம்" என்றான் புல்டோசர்.

"எதுக்கு?"

"பார்க்கிங் தகராறு சார். ரெண்டு பேருக்கும் ஒரே இடம் வேணும்னு போட்டி. நடுவுல ஒரு ஸ்கூட்டர் நின்னுச்சு. சரி, முதல்ல இதைத் தள்ளுவோம்னு தள்ளினோம், அது கீழ விழுந்துடுச்சு..."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்ல சார்."

"ஆறு மாசம்டா! யோசிச்சுச் சொல்லு."

"பரவால்ல சார்" என்றான் இடி. "ஆறு மாசத்துல முடிஞ்சுடும்ல."

"எது?"

"தடை சார்."

ரெஃப்ரி உதட்டைப் பிதுக்கினார். தலைவருக்கோ யோசிக்க யோசிக்க நிம்மதியாகத்தான் இருந்தது. நம் சாம்பியன்களை வெளியாள் ஒருவன் படுக்கப் போட்டான் என்று செய்தி வந்தால் அப்புறம் யார் டிக்கெட் வாங்குவார்கள்? தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

"எழுதிக்கோங்கம்மா. இருவருக்கும் ஆறு மாதம் தடை. ஒழுக்கமே நம் சங்கத்தின் உயிர்மூச்சு. அதே சமயம், நம் வீரர்களைச் சாய்க்க நம் வீரர்களால் மட்டுமே முடியும் என்பதையும் இச்சங்கம் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறது."

டைப்பிஸ்ட் அக்கா ஓர் எழுத்து பிசகாமல் எழுதிக்கொண்டார்.

பத்திரிகைக்காரர்களைப் பார்க்கத் தலைவரும் ரெஃப்ரியும் கிளம்பிப் போனார்கள். அறையில் மூன்று பேர்தான் மிச்சம். அக்கா குறிப்பை நீட்ட, இரண்டு பேரும் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

"இனிமே அடுத்தவங்க ஸ்கூட்டரைத் தள்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தள்ளுங்க தம்பி" என்றார் அக்கா.

மணி ஒன்று. சாப்பாட்டு நேரம். அவர் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து தன் டிபன் கேரியரை எடுத்தார். அதன் அடிப்பக்கம் இரண்டு இடத்தில் நசுங்கியிருந்தது.

அதைக் கண்டதும் இரண்டு சாம்பியன்களும் ஒரே சமயத்தில் கைகளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார்கள்.