விளக்கை அணைத்தா, எரியவிட்டா?

"விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவீர்களா, எரியவிட்டா?" என்று கோகிலவாணி தன் முகநூல் குழுவில் விளையாட்டாகத்தான் கேட்டாள். மதியத்துக்குள் குழு இரண்டு கட்சியாகப் பிரிந்து செல்லச் சண்டை போட்டது. "எனக்குத் தூக்கம் வந்தே பல மாசமாச்சு" என்று ஒருவர் எழுதியிருந்தார். சிரிப்புக் குறியைத் தட்டிவிட்ட பிறகுதான் பெயரைப் பார்த்தாள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் அவள் கணவன் தவசி.

உடனே போன் போட்டாள். "என்னங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"அட, சும்மா தமாசுக்குப் போட்டேன் புள்ள. எத்தன பேரு சிரிச்சிருக்காங்க பாரு."

"நெசமாச் சொல்லுங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீயாவது நல்லாத் தூங்கு" என்றான்.