சீட்டு இல்லாத மூட்டை

"தொட்டிய ஒடைச்சாவது அந்த மண்ண வெளிய எடுத்துடணும். அவரு வர்றதுக்குள்ள ஒரு பொட்டு மண்ணு இந்த வூட்டுல இருக்கக் கூடாது!"

கார்முகில் போட்ட சத்தத்தில் பானுமதி தோசைக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையும் அதுவுமாக மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று அவளுக்குப் புரியவில்லை.

அவன் போனை அவள் காதருகே நீட்டினான். முதலாளி பழமலைநாதன் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார்.

"டேய் கார்முகிலு, அந்தப் பூனை மண்ணு சுட்டதா, இல்லியா? சீட்டே இல்ல. சட்டுனு பதில் சொல்லுடா, இல்லன்னா நானே அங்க வர்றேன். இங்க உசுரு போவுது."

பின்னால் குபுகுபுவென்று ஏதோ கொதிக்கிற சத்தம் வேறு. முதலாளிதான் அப்படிக் கொதிக்கிறார் என்றே கார்முகிலுக்குப் பட்டது.

விருத்தாசலத்தில் கோப்பையும் பொம்மையும் செய்துகொண்டிருந்த பீங்கான் கம்பெனி அது. இப்போது குருணை குருணையாக உருட்டிய களிமண்ணை மூட்டை கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிப் பிழைக்கிறது. நம்மூர்ப் பூனை வெளிக்குப் போக மண்ணைத் தானே பறித்துக்கொள்ளும். சீமைப் பூனைக்கு அதுவும் கப்பலில் போக வேண்டும்!

கார்முகில் அங்கே சூளைக்காரன். மகள் தமிழினி காலில் மாவுக்கட்டோடு படுத்து இரண்டு மாதம் ஆகிறது. அவள் பொழுதுபோக மீன் தொட்டி ஒன்று வாங்கினான். அதில் செடி நடுவதற்குக் கடையில் விற்கிற தொட்டி மண்ணோ யானை விலை, குதிரை விலை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை புத்தி கெட்டுப்போனது. கேட்டில் சீட்டுப் போடாமல் ஒரு மூட்டைப் பூனை மண்ணைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான். அதிலும் சூளையில் வெந்த மண்ணாகப் பார்த்துத்தான் எடுத்தான். பச்சை மண் தண்ணீரில் கரைந்து சேறாகி மீனைக் கொன்றுவிடும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன?

"நாலு பேருகிட்ட, எம் பொண்ணு மீனு வளக்குது, செடி வளக்குதுன்னு பீத்திக்கினியே. எவனோ போட்டுக் குடுத்துட்டான்" என்று பானுமதி தலையில் அடித்துக்கொண்டாள்.

போன மாதம் பழைய சரக்கில் கிடந்த சூப்புக் கிண்ணம் இரண்டைச் சாப்பாட்டுப் பையில் போட்டவனைப் பழமலைநாதன் அந்த நிமிஷமே விரட்டிவிட்டார். கார்முகிலுக்கு இரண்டு கம்பெனி மூடிப்போய், மூன்றாவதாகக் கிடைத்த வேலை இது. இதுவும் போனால், படுக்கையில் கிடக்கிற பிள்ளையை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

கார்முகில் தொட்டிக்குள் கையை விட்டான்.

"வேணாம்ப்பா! இப்பத்தாம்ப்பா வேரு வுட்டுருக்குது!" என்று தமிழினி கட்டிலில் இருந்தபடி கதறினாள்.

"அப்பன் வேலைக்கே வேரு ஆடுது, சும்மா இரு கண்ணு!"

செடிகளைப் பிடுங்கிப் போட்டான். கப்பி மீன்களைச் சொம்பில் பிடித்துப் போட்டான். மண்ணை வாரி வாரிக் கொல்லைச் சாக்கடையில் கொட்டினான். போன் நாலு தடவை அடித்தது. நாலு தடவையும் முதலாளிதான். அதையும் அணைத்தான். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தபோது கை நழுவி, அடிக் கண்ணாடி படக்கென்று விரிந்தது. அழக்கூட நேரமில்லை.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம். காரைவிட்டு இறங்காத மனிதர் ஸ்கூட்டரில் வந்திருந்தார். காலுக்கிடையில் மூடி போட்ட வாளி ஒன்று.

"மண்ண அள்ளிக்கினு போவ வாளியோடவே வந்துட்டாருங்க!" என்றாள் பானுமதி.

"போன ஏண்டா அணைச்சே?" பழமலைநாதன் வாளியோடு உள்ளே வந்தார். "சுட்டதா இல்லியான்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு..."

அவர் முடிக்கவில்லை. கார்முகில் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்துவிட்டான்.

"சுட்டதுதாங்க மொதலாளி! ஒரே ஒரு மூட்டைங்க. ரெண்டு வாரம் முன்ன சனிக்கெழம லாரியில லோடு ஏத்துறப்ப சைக்கிள்ல வெச்சு எடுத்தாந்துட்டேங்க. புள்ளைக்காகத்தாங்க செஞ்சேன். வயித்துல அடிச்சிடாதீங்க!"

பழமலைநாதன் விரிசல் விட்ட தொட்டியைப் பார்த்தார். வாடிக் கிடந்த செடிகளைப் பார்த்தார். கட்டிலில் விசும்புகிற பிள்ளையைப் பார்த்தார். பிறகு வாளியின் மூடியைத் திறந்தார். சேற்றுத் தண்ணீரில் இரண்டு தங்கமீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"குடோன்ல சீட்டு ஒட்டாத மூட்டை ஒண்ணு கெடந்துச்சு. கொண்டாந்து என் வூட்டு மீன் தொட்டியில கொட்டுனேன். தண்ணி கலங்கிக்கிட்டே வந்துச்சு. வெறும் தூசா, பச்ச மண்ணா, ஒண்ணும் புரியல. நீதான் தொட்டி வெச்சிருக்கியே, இதுங்கள அதுல வுட்டாவது பொழைக்க வெக்கலாம்னு ஓடியாந்தேன்."

அவர் குனிந்து, காலடியில் கிடந்த தன் சூளைக்காரனை முறைத்தார்.

"சூளையில சுட்டதான்னுதாண்டா கேட்டேன்!"