பார்சல் மாமாவின் பெட்டி

“இந்த வாரமாவது அந்தப் பெட்டியைக் கீழே இறக்கு. மூணு வருஷமாத் தூக்கிக்கிட்டே நிக்கிறார், மனுஷனுக்கு முதுகு வலிக்காதா?”

அண்ணி கம்ப்யூட்டர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டாள். வரைகிற பேனாவை அவள் கீழே வைத்தால் விஷயம் பெரிது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எதிரே நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த நாத்தனார் அசையவில்லை. “பெட்டி இருக்கட்டும் அண்ணி.”

அண்ணி வரைவாள், நாத்தனார் எழுதுவாள். சனிக்கிழமைதோறும் இணையத்தில் வரும் ‘பார்சல் மாமா’ படக்கதை இவர்கள் இருவரின் கைங்கரியம். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் ஒரு அப்பாவி, அவருக்கு ஒரு டீச்சர் மேல் ஆசை. ஒன்பதாயிரம் பேர் விடாமல் படிக்கிறார்கள். அண்ணியும் நாத்தனாரும் மூன்று வருஷமாகச் சண்டையில்லாமல் ஒரு வேலை செய்கிறார்கள் என்பது உறவுக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய கதை.

இது நூற்றைம்பதாவது வாரம். பார்சல் மாமா டீச்சரிடம் மனசைத் திறக்க வேண்டும்.

“கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கப் போறார். அப்பவும் நடுவுல ஒரு பெட்டியா? அதை வச்சுட்டு டீச்சர் கையைப் பிடிக்கட்டுமே.”

“பெட்டிக்குப் பின்னால நின்னு கேட்டாத்தான் கூச்சம் தெரியும்.”

“என்ன கூச்சமோ. டீச்சர் எப்பப் பாரு பரீட்சை நோட்டுக் கட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அவங்க அப்பா நல்ல வெயில்லயும் போர்வைக்குள்ளயே இருக்கார். முதலாளி பாக்கெட்டுல விட்ட கையை இன்னும் எடுக்கல. உனக்குக் கற்பனை தீர்ந்து போச்சு, ஒத்துக்கோ.”

நாத்தனார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு பக்கத்தில் இருந்த தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

“அப்ப கதையையும் நீங்களே எழுதிக்கோங்க.”

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாஸ்வேர்டை எழுதி, கிழித்து, மேஜையில் வைத்தாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“கமெண்டெல்லாம் இனிமே நீங்கதான் பாக்கணும். மறைச்சு வச்சிருக்கிற கமெண்ட் பக்கம் மட்டும் போகாதீங்க அண்ணி. எல்லாம் குப்பை.”

கதவு சாத்திய சத்தம் கேட்டு அண்ணியின் கணவர் எட்டிப் பார்த்தார். “என்ன, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா?”

“உங்க தங்கச்சிக்குப் பொறாமை. என் படத்தைப் பாராட்டி வந்த கமெண்டையெல்லாம் அமுக்கி வச்சிருக்கா. அவ வாயாலேயே வந்துடுச்சு.”

மனைவிக்கும் தங்கைக்கும் நடுவே பத்து வருஷம் ஓட்டிய மனிதர் அவர். பேப்பரை விரித்துக்கொண்டு அதற்குப் பின்னால் போய்விட்டார்.

கதை எழுதுவது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை என்று அண்ணிக்குப் பத்தே நிமிஷத்தில் புரிந்தது. பார்சல் மாமா பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டுகிறார். டீச்சர் நோட்டுகளைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடிக்கிறார். அவ்வளவுதான், வசனமே வேண்டாம். ஒரே பெரிய படம்.

திங்கட்கிழமை தொடங்கி, அழித்து அழித்து வரைந்து, புதன்கிழமை மத்தியானம் முடித்தாள். கணவரைக் கூப்பிட்டாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “முகத்துல அந்த வெட்கம் இருக்கே, அப்படியே உயிரோட இருக்கு.”

“அப்புறம்?”

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாழைப்பழம் எதுக்குக் குடுக்கிறார்?”

“வாழைப்பழமா?”

“இதோ, ஒரு சீப்பு. டீச்சரும் ஒண்ணு வச்சிருக்காங்களே.”

அண்ணனும் தங்கையும் ஒரே கூட்டு. அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை வெளியே அனுப்பிவிட்டு, அந்தச் சீட்டைத் தேடி எடுத்து, மறைத்து வைத்த கமெண்டுகளைத் திறந்தாள். ஊரார் பாராட்டையாவது படித்து மனசை ஆற்றிக்கொள்ள வேண்டும்.

மொத்தம் நாற்பத்தொன்று.

‘முகமெல்லாம் பிரமாதம். கைதான் வாழைப்பழச் சீப்பு.’

‘மாமாவுக்கு ஒரு கையில் ஆறு விரல், இன்னொன்றில் நாலு. கூட்டினால் கணக்கு சரியாக வருகிறது.’

‘அது கையா, காயப் போட்ட கையுறையா?’

எல்லாமே முதல் இரண்டு வாரத்தில் வந்தவை. அதற்கப்புறம் ஒன்றுகூட இல்லை.

அண்ணி பழைய படங்களைத் தேடிப் போனாள். முதல் வாரம், பார்சல் மாமா கையை ஆட்டுகிறார். இரண்டாவது வாரம், கைதட்டுகிறார். மூன்றாவது வாரம் அந்தப் பெரிய பெட்டியோடு வந்து நின்றவர்தான். அடுத்து டீச்சருக்கு நோட்டுக் கட்டு வந்தது. அப்பாவுக்குப் போர்வை வந்தது. முதலாளிக்குப் பாக்கெட் வந்தது. நூற்று நாற்பத்தேழு வாரமாக அந்தக் கதையில் ஒருத்தருக்கும் கையே இல்லை.

கற்பனை தீர்ந்தவள் என்று முகத்துக்கு நேரே சொன்னபோது நாத்தனார் ஒரே வார்த்தையில் இவள் வாயை அடைத்திருக்கலாம். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். அதை நினைத்ததும் அண்ணிக்கு வெட்கமாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

போனை எடுத்தாள்.

“நாளைக்குக் காலையில வர்றியா? சனிக்கிழமைக்குக் கதை வேணும்.”

“நீங்க எழுதலையா அண்ணி?”

“எழுதினேன். நீ எழுதற மாதிரி வரல.”

அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“வரேன். ஆனா அண்ணி, அந்தப் பெட்டி...”

“இருக்கட்டும்டி,” என்றாள் அண்ணி. “டீச்சருக்கும் ஒண்ணு குடுத்துடு. பெரிசா.”