பதிவறைக் காற்று

"கெட்டிமேளம் கொட்டினப்ப மண்டபத்துல கார்பன் டை ஆக்சைடு அளவு ரொம்ப எகிறியிருக்கும்மா. அந்தக் காத்துல யாருக்கும் புத்தி தெளிவா இருக்காது. அப்ப சொன்ன சம்மதம் செல்லாது," என்றார் திருமணப் பதிவாளர்.

"கல்யாணமாகி ஆறு மாசம் ஆச்சு சார்!" என்றான் கோகுலன்.

"அதனாலென்ன? வெளிக்காத்து மாதிரி இல்ல, இந்த ரூம்ல காத்து சுத்தம். மறுபடி சொல்லுங்க, பதிஞ்சிடலாம்."

கோகுலன் உடனே "சம்மதம்" என்றான்.

அவன் மனைவி யாழரசி வாயைத் திறந்தாள். அன்று மணமேடையில் கொஞ்சமும் யோசிக்காமல் தலையாட்டியவள். இன்று, காற்றின் சுத்தத்தைக் காட்டும் சுவர் மீட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. தலையில் பாரமே இல்லை. பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள். இவனுக்கு ஏன் தலையாட்டினோம் என்று புரியவில்லை.

"சார், கொஞ்ச நேரம் வெளிக்காத்துல நின்னுட்டு வந்து சொல்லட்டுமா?"