பையில எல்லாம் இருக்கு

வெளியே அழுவது தன் பிள்ளைதான் என்று ஆர்த்திக்கு முதல் வீறலிலேயே தெரிந்துவிட்டது.

பெரம்பலூரில் அந்தப் பள்ளிக்கூடத்து ஜன்னல்கள் பாதிக்கும் மேல் கதவில்லாதவை. வாசல் கேட்டில் இருமினால்கூடத் தேர்வு அறைக்குள் கேட்கும்.

அவள் குனிந்து அடுத்த கேள்விக்குப் போனாள். மார்பு கனத்து ஜாக்கெட் நனைந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

பிள்ளையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே இந்தப் பரீட்சைக்குப் படித்தவள். அரசாங்க வேலை. கிடைக்காவிட்டால் மறுபடியும் வெங்காயக் காட்டில் களைக்கொத்துதான். அவள் அம்மாவின் முதுகை வாங்கிக்கொண்ட காடு அது.

அழுகை நிற்கவில்லை.

பையைத் திற, என்று பல்லைக் கடித்தாள். திறந்தால் போதும்.

கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் பிள்ளையோடு நிற்கும் புருஷன் ராஜேஷுக்கு ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பிளாஸ்க்கில் வெந்நீர், டப்பாவில் பால்பவுடர், கழுவின புட்டி, மாற்றுத் துணி. எல்லாம் ஒரே பையில். பஸ் குலுக்கலில் சரிந்துவிடாமல் பையின் காதுகளைச் சேர்த்து முடிச்சும் போட்டிருந்தாள்.

"இதுல என்ன கெடக்கு? லோடு டிப்பர ரிவர்ஸ்ல மேட்டுல ஏத்துறவன் நானு," என்றான் அவன், போனைப் பார்த்துக்கொண்டே.

ஏற்றுவான்தான். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், கொளுத்துகிற வெயிலில், டயரைத் தனியாளாகக் கழற்றி மாட்டுவான். பிள்ளை அழுதால் மட்டும் தூக்கிக்கொண்டுபோய்ப் பெண்டாட்டி கையில் கொடுப்பான். அவன் வீட்டில் ஆம்பளைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

கண்காணிப்பாளர் வாசற்படியில் நின்று கேட்டார்.

"ஆர்த்தி யாரும்மா? ஒங்க வூட்டுக்காரர் கேட்ல நின்னு சத்தம் போடறாரு. புள்ள அழுவுதாம், உன்ன அனுப்பச் சொல்றாரு. போனா திரும்ப உள்ள வர முடியாது, பாத்துக்க. பால்குடிப் புள்ளைய வச்சிக்கிட்டு ஏம்மா வர்றீங்க?"

அறையில் இருந்த தலையெல்லாம் திரும்பியது.

"பையத் தொறக்கச் சொல்லுங்க சார். பையில எல்லாம் இருக்கு."

பின்னால் ஒருத்தன் சிரித்தான். "நல்ல அம்மா," என்றான் பக்கத்திலிருந்தவன்.

அவள் பேனாவை அழுத்திய அழுத்தலில் விடைத்தாள் பொத்துக்கொள்ளப் பார்த்தது.

முன் பெஞ்சுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. காலையில் வரிசையில் நின்றபோது தானாகப் பேச்சுக் கொடுத்தவள்; வரதராஜன்பேட்டை கிறிஸ்டி. அவளும் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். "எனக்கு இதோட வயசு வரம்பு முடியுது தங்கச்சி," என்று யாருக்கோ நடந்த கதை போலச் சொல்லியிருந்தாள்.

இப்போது திரும்பி ஆர்த்தியை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி தாளில் குனிந்தாள். அவள் கழுத்து வியர்த்திருந்தது.

வெளியே பிள்ளைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கமறிக் கமறி அழுதது.

கிறிஸ்டி எழுந்தாள். கண்காணிப்பாளரிடம் ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவள் தாள்களை மேசையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

எழுதி முடித்தாளோ, முடியாமல் போனாளோ. போட்டிக்கு ஒருத்தி குறைந்தாள் என்று ஆர்த்தி நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது.

திறந்துவிட்டான்.

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பரவாயில்லையே மனுஷன், என்றுகூடத் தோன்றியது. மிச்சமிருந்த ஆத்திரத்தையெல்லாம் கணக்குகளின் மேல் காட்டினாள். மளமளவென்று வந்தன.

மணி அடித்ததும் ஓடினாள்.

ராஜேஷ் டீ குடித்துக்கொண்டிருந்தான். பை அவன் தோளில் தொங்கியது.

"வந்துட்டியா புள்ள. கூப்புட்டு வுட்டேன், நீ வரல. நல்லவேள, இந்த அக்கா சீக்கிரமே எழுதி முடிச்சிட்டாங்களாம். அவங்களே வந்து வாங்கிக்கிட்டாங்க."

புளியமரத்தடியில் கிறிஸ்டி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் முந்தானைக்குள் பிள்ளை குடித்த வாக்கிலேயே தூங்கிப்போயிருந்தது.

ஆர்த்தி பையைப் பார்த்தாள்.

காலையில் அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

கிறிஸ்டி ஜாக்கெட்டைச் சரிசெய்துகொண்டு பிள்ளையை நீட்டினாள். "நல்லாக் குடிச்சான். எனக்கும் பால் கட்டிக்கிட்டு வலிதான்." சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். அப்புறம், சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"கணக்கெல்லாம் எப்புடிக் கேட்டிருந்தான்? நான் அது வரைக்கும் போவல."

ஆர்த்தி பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

ஜெயங்கொண்டம் பஸ் வந்தது. கிறிஸ்டி கையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

பஸ் மறைந்த பிறகு ஆர்த்தி பிள்ளையை ராஜேஷின் கையில் வைத்தாள். டீ கிளாஸ் கீழே விழுந்து உருண்டது.

"பையத் தொற."

"அதான் தூங்கிட்டானே."

"தொற."

அவர்கள் ஊர்ப் பஸ்ஸும் வந்து, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆர்த்தி நகரவில்லை.

ஒரு கையில் பிள்ளையை அணைத்துக்கொண்டு, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான் ராஜேஷ்.